மீன் இல்லாத வீட்டில் என்ன மணம்?

முதலில் வந்தது வலி அல்ல, மணம். ஆனால் எனக்கு அது உறைக்கவில்லை.

மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கீழ்க்கால் எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். தையல் ஆறி, ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியபோது தழும்பின் ஓரத்தில் ஒரு பரு வந்தது. கசியும், பார்மசியில் குளிசை வாங்கிப் போடுவேன், காயும், திரும்பவும் கசியும். காய்ச்சல் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் சுகம் என்றேன். மணத்துக்கும் காரணம் கையிலேயே இருந்தது: முற்றம் முழுக்கக் கருவாடு. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற வீட்டில் மூக்கை நம்பி யார் வைத்தியம் பார்ப்பார்கள்?

பிறகு காற்றுக் காலம் வந்தது. வள்ளங்களைக் கரையேற்றினோம், கருவாட்டுப் பாய்களும் சுருட்டியாயிற்று. ஒரு மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மனைவி ஜெசிந்தா அப்படியே நின்றாள்.

"இஞ்ச பாருங்கோ, வீட்டில மீனே இல்லை. பிறகென்ன மணக்குது?"

இருவரும் என் காலைப் பார்த்தோம். காயத்தில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன்.

எலும்பு டொக்டர் எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனையும் பார்த்தார்.

"எலும்பில கிருமி எண்டு நினைக்கிறன். எந்தக் கிருமியெண்டு தெரியோணும். ரெண்டு கிழமைக்கு அந்தக் குளிசை ஒண்டும் போடாதேங்கோ."

"சீழ் கூடாதோ டொக்டர்?"

"கூடலாம். காய்ச்சல் வந்தா உடன வாங்கோ. குளிசை போட்டா கிருமி பதுங்கிடும், சோதனையில பிடிபடாது."

"கால் மிஞ்சுமோ?"

"பிடிபட்டா காப்பாத்தப் பாக்கலாம்."

அந்தப் பதினான்கு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருப்பேன், எழும்புவேன், படலை வரை போய்த் திரும்புவேன், துணியை அவிழ்த்துப் பார்ப்பேன். குளிசைகளை அலுமாரியில் பூட்டித் திறப்பைத் தன்னோடு வைத்திருந்தாள் ஜெசிந்தா. அவளோடு காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பயம்தான். காலில்லாமல் வள்ளத்தில் எப்படி ஏறுவது?

கம்பியைக் கழற்றி, பழுதான எலும்பைச் சுரண்டி, பல இடத்துத் துண்டுகளை வளர்ப்புச் சோதனைக்கு (எந்தக் கிருமி வளருகிறது என்று பார்ப்பதற்கு) அனுப்பினார்கள். கிருமி பிடிபட்டது. அதற்கேற்ற மருந்து மாதக்கணக்கில் ஏறியது. உங்களுக்கும் முறிவுக் காயம் காய்ந்து காய்ந்து கசிந்தால், பார்மசியோடு நிற்காதீர்கள்.

இப்போது தொழிலுக்குப் போகிறேன். இந்தக் கிருமி வருடக்கணக்கில் பதுங்கியிருந்தும் வருமாம். முற்றாகச் சுகம் என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்பதில்லை.

கடலால் வந்ததும் கிணற்றடியில் காலைக் கழுவிக் கதிரையில் நீட்டுவேன். ஜெசிந்தா குனிந்து தழும்பை மணந்து பார்ப்பாள். அவள் நிமிரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

"ஒண்டுமில்லை, மீன்தான்," என்பாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அன்றைய நாள் முடியும்.