தாழ்ப்பாள் சார்

டியூஷன் ஆறு மணிக்கு என்றால் ஆறு மணிக்குத் தாழ்ப்பாள் விழும். அதற்குப் பிறகு வருவது மந்திரி வீட்டுப் பிள்ளையானாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அதனால் தெருவே அவரைத் தாழ்ப்பாள் சார் என்றது. பெற்றோருக்கோ பரம திருப்தி. இத்தனை கறாரான மனிதர் கணக்கையும் கறாராகத்தானே சொல்லித்தருவார்!

போன மழைக்காலத்தில் மூன்றாவது சந்துப் பெண் தாமதமாக வந்து கதவைத் தட்டினாள். "சார், நான்தான் சார்." அவர் திறக்கவில்லை. தனியாகத் திரும்பிப் போனவள் மூடியில்லாத சாக்கடையில் விழுந்து செத்துப்போனாள். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. "நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்று ஆறுதல் வேறு.

ஆனால் அன்றிலிருந்து தாழ்ப்பாள் விழுந்ததும் தட்டும் சத்தம் கேட்டது. அவருக்கு மட்டும்.

வினாடி வினாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வாயாடி, ஒருநாள் அகராதியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சார், டியூஷன்னா என்ன அர்த்தம்?"

"பாடம் சொல்லித்தர்றது. வேறென்ன?"

"அது பின்னாடி வந்ததாம் சார். லத்தீன்ல பத்திரமா பாத்துக்கறது, காவல் காக்கறதாம். இங்கிலீஷ்லயும் மொதல்ல அதேதான்."

"அப்ப சார் நமக்கு வாட்ச்மேனாடீ?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

அறையே சிரித்தது. சார் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். வகுப்பு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு கிளம்பினார். மறுநாளும் கிளம்பினார்.

"வீடு வரைக்கும் டெலிவரியா! ஃபீஸ ஏத்தப் போறாரு, பாத்துக்கிட்டே இரு" என்றது தெரு. "கடைக்குப் போகச் சொன்னா முட்டி வலி. ஊர் சுத்த மட்டும் கால் வருதாக்கும்?" என்றாள் மனைவி.

கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குள் போன பிறகு, பின்னால் ஈரச் செருப்பின் சத்தம் ஒன்று மிச்சமிருந்தது. அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் இருக்காதோ என்று பயம். இருந்துவிட்டால் என்று அதைவிடப் பயம். சாக்கடைப் பக்கமாகத் தான் நடந்து, சுவரோரத்தை அதற்கு விட்டுக்கொடுத்து, மூன்றாவது சந்து வீட்டு கேட் வரை போவார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

ஒருநாள் அந்தப் பெண்ணின் அம்மா வெளியே வந்தாள். இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவளோ அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு பிள்ளையின் உயரத்தில் பார்த்தாள். கேட்டைத் திறந்து, ஓர் ஆள் உள்ளே நுழையும் நேரம் வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கும் கூட்டிட்டு வந்து விட்டுடுங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள்.