பனிமூட்டத்தில் வலப்பக்கம் வந்தவர்

அண்ணாமலையாரை நம்பி மலை சுற்றி வருகிற அத்தனை பேருக்கும், அடி அண்ணாமலையில் சுக்குக் காப்பிக் கடை வைத்திருக்கும் கன்னியம்மாள் கும்பிட்டுச் சொல்வது. நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு மருமகள் எழுதுகிறாள். இதில் தப்பு இருந்தால் அவளுடையது. ருசி இருந்தால் என்னுடையது.

போன மார்கழியில் என் பேத்தி தமிழ்ச்செல்வி சோறு தண்ணி இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். சென்னையில் கம்பெனி வேலை. அந்த வேலையில் கம்ப்யூட்டர் வழியாகப் பேசிப் பழகிய பையன் ஒருவன், போலந்து தேசத்துக்காரன். பேர் மரேக். என் வாயில் அது நிற்காது, மாரி என்றுதான் கூப்பிடுவேன். ரெண்டு பேருக்கும் மனசு ஒட்டிப்போனது. ஆனால் அவன் இங்கே வர முடியாது. முன்னே ஒரு தடவை நம் நாட்டுக்கு வந்தவன், தேதி தாண்டித் தங்கிவிட்டானாம். அதனால் மறுபடி விசா இல்லை. இவள் அங்கே போகக் கேட்டால், பெண்டாட்டி என்றால் வா, இல்லாவிட்டால் வராதே என்கிறார்கள். தாலி கட்டாமல் போக முடியாது. போகாமல் தாலி கட்ட முடியாது.

கடைசியில் நேபாளத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். மாரி முன்கூட்டியே அங்கே போய்த் தங்கிவிட்டான். அந்த ஊர் ஆபீசில் தை மாதம் ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். அந்த நாள் தவறினால் அவன் லீவு முடிந்து கிளம்ப வேண்டும். மறுபடி எப்போதோ, யாருக்குத் தெரியும்.

என் மகன் ஏழுமலை குதித்தான். "ஏம்மா, இங்க மாப்ளையே இல்லாத மாதிரி எல்லை தாண்டிப் போயி தாலி கட்டிக்கணுமா? நான் வர மாட்டேன். ஒருத்தரும் போவக் கூடாது."

"நீ இதோ பக்கத்துல இருக்கற கீழ்பென்னாத்தூருல பொண்ணு கட்டனதுக்கே உங்கப்பன் எல்லை தாண்டிட்டான்னு ஒரு மாசம் பேசல. மறந்துட்டியா?" என்றேன்.

அவன் எழுந்து போய்விட்டான். செல்வி தலையணைக்குள் அழுதாள். பெற்றவர்கள் இல்லாமல், சொந்தம் என்று ஒரு முகம் இல்லாமல், தெரியாத ஊரில் அவள் எப்படி மாலை மாற்றுவாள்? நான் வருகிறேன் என்றேன்.

"ஆயா, ஒனக்கு பாஸ்போர்ட்டே இல்லியே."

"இல்லன்னா?"

"நேபாளத்துக்கு ஓட்டர் ஐடி போதும்."

"இத்தினி வருஷம் ஓட்டு போட்டதுக்கு இதுவாவது கெடைச்சுதே, கெளம்பு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மலை சுற்றும்போது மலை நமக்கு வலது கைப் பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் சித்தருங்களும் சாமியும் நடப்பார்கள், நம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதை விட்டுவிட்டு இடது ஓரமாக நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செல்விக்கு நடை பழக்கியபோதே நான் அதைப் பழக்கிவிட்டேன். வேங்கிக்கால் கடைத்தெருவில் நடந்தால்கூட வலப்பக்கம் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் நடப்பாள். நானும் அப்படித்தான். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சாமி, கால் வலிக்குதா? காப்பி குடிச்சிட்டு போறது" என்று காலியான பக்கத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே நடப்பேன். ஒரு நாளும் பதில் வந்ததில்லை.

எங்கள் கடைக்கு எதிரே, மலை ஓரமாக, ஒரு கறுப்பு நாய் படுத்துக் கிடக்கும். பௌர்ணமிக் கூட்டத்துக்கே எழுந்து வழி விடாது. அதற்குத் தாசில்தார் என்று பேர் வைத்திருக்கிறேன்.

கிளம்புகிற அன்று விடிகாலையில் மலை சுற்றி முடித்துக் கடை வாசலில் நின்றேன். வழக்கம்போல வலப்பக்கம் திரும்பாமலே சொன்னேன்: "நீ எப்பவும் இதே மலையத்தான் சுத்திகினு கெடக்கிற. இந்த ஒரு தபா எங்ககூட வாயேன்." வேடிக்கையாகத்தான் சொன்னேன். சொன்ன நிமிஷம் மரத்தில் இலை அசைவது நின்றது. கழுத்துக்குப் பின்னால் சில்லென்று ஒரு மூச்சு பட்டது போல இருந்தது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில். எங்கள் சீட்டில் என் வலப்பக்கத்து இடம் காலி. வழியெல்லாம் கூட்டம், நின்றுகொண்டு வருகிறார்கள், அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. நடுவில் ஒரு வடநாட்டு அம்மாள் மூட்டையோடு ஏறி அங்கே உட்காரப் போனாள். பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

"ஆயா, அவங்க யாரைக் கும்பிட்டாங்க?" என்றாள் செல்வி.

"என்னத்தான். என் அழகு அப்படி" என்றேன். சிரித்தாள். நான் பிரித்த புளிசாதத்தை மறுபடி கட்டி வைத்துவிட்டேன்.

கோரக்பூரிலிருந்து பஸ். அங்கே தை மாதத்துப் பனி என்றால் நம் ஊர்ப் பனி இல்லை. காலை வெளிச்சம் வந்தும் கை நீட்டினால் விரல் தெரியாது. பஸ் ஓரிடத்தில் நின்றது. எல்லை கொஞ்ச தூரம்தான், நடந்து போங்கள் என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். செல்வியின் போனில் டவர் இல்லை. கேட் பக்கத்தில் மாரி காத்திருக்கிறான். கேட் எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். குரங்குக் குல்லா போட்டிருந்தான். "ஷாதி? ஷாதி?" என்று சிரித்துக்கொண்டே இந்தியில் பேசினான். கல்யாணமா என்று கேட்கிறானாம், கொஞ்சம் இந்தி தெரிந்த செல்வி சொன்னாள். மாப்பிள்ளைதான் அனுப்பினார், கூட்டிவரச் சொன்னார் என்கிறானாம். செல்வி முகம் மலர்ந்துபோனது. அவள் கையில் மருதாணி, பையிலிருந்து பட்டுப்புடவை எட்டிப் பார்க்கிறது. அதை வைத்தே அவன் கதை கட்டினான் என்பது எங்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. பையை அவனே வாங்கிக்கொண்டான். அதில்தான் தாலி, அவள் பாஸ்போர்ட், கல்யாணம் பதிய வேண்டிய காகிதம் எல்லாம்.

தார் ரோட்டிலிருந்து இறங்கி மண் பாதையில் நடந்தான். ரெண்டு பக்கமும் கரும்பு. லாரிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியாகி, நின்றே போனது. எல்லைக்குப் போகிற வழியில் ஜனம் இருக்காதா?

"செல்வி, இது வழி இல்லடி."

"குறுக்கு வழின்னு சொல்றான் ஆயா."

சொல்லிக்கொண்டே அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். எதிரே கூரை இல்லாத ஒரு செங்கல் கட்டடம் பனியில் கறுப்பாக நின்றது. குல்லாக்காரன் நின்று விசில் அடித்தான். உள்ளேயிருந்து ஒரு விசில் பதிலுக்கு வந்தது.

செல்வி கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இந்தி தெரியாது, ஓடத் தெம்பு இல்லை, கத்தினால் கேட்க ஆள் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயில் வேடிக்கை வரவில்லை. "அண்ணாமலையாரே, இது விளையாட்டுப் பேச்சு இல்ல. நீ கூட வந்திருந்தா இப்பக் காட்டு. இந்தப் பொண்ண என் கையில குடு" என்றேன்.

சளக் என்று ஒரு சத்தம்.

ஈர மண்ணில் காலை வைத்து எடுக்கிற சத்தம். செல்வி என் இடப்பக்கம் நிற்கிறாள், நான் நிற்கிறேன், ரெண்டு பேரும் அசையவில்லை. சத்தம் என் வலப்பக்கத்தில். மறுபடி சளக். எனக்குச் சரியாகப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. நனைந்த திருநீற்று வாசனை அடித்தது.

குல்லாக்காரன் திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை, எனக்கு வலப்பக்கம், என் தலைக்கும் மேலே அண்ணாந்து பார்த்தான். முகத்து ரத்தமெல்லாம் வடிந்துபோனது போல வெளுத்துப்போனான். "யே கோன் ஹை?" என்று கேட்டான். எங்களை எண்ணுவது போல மூன்று விரலை நீட்டினான். வாய் கோணிக்கொண்டது. பையை அப்படியே போட்டுவிட்டுக் கரும்புக்குள் பாய்ந்து ஓடினான். கட்டடத்துக்குள் இருந்தவனும் எதையோ தள்ளிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

"யாரு இவர்னு கேக்கறான் ஆயா" என்றாள் செல்வி, உதடு அசையாமல். "திரும்பாத. நீ திரும்பாத."

"நான் எங்கடி திரும்பறது, கழுத்தே ஒறைஞ்சுகெடக்குது."

பையை எடுத்துக்கொண்டோம். அந்தக் கால் சத்தம் நகர்ந்தது. நாங்கள் இடது ஓரமாக அதை ஒட்டியே நடந்தோம். அது திரும்பிய இடத்தில் திரும்பினோம். அது நின்றால் நின்றோம். ஒரு வளைவு தாண்டியதும் லாரி ஹாரன் கேட்டது, பிறகு ஜனச் சத்தம், பிறகு பனியில் பெரிய கேட் தெரிந்தது. தார் ரோட்டில் ஏறியதும் கால் சத்தம் நின்றுவிட்டது.

கேட்டில் ஒரு பெண் போலீஸ். என் ஓட்டர் அட்டையையும் செல்வி பாஸ்போர்ட்டையும் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"கூட வந்த பெரியவர் கார்டு எங்கன்னு கேக்கறாங்க ஆயா."

"அவருக்கு ஓட்டு கெடையாதுன்னு சொல்லு."

செல்வி என்ன சொன்னாளோ தெரியாது. அந்தப் பெண் இன்னொரு தடவை பனிக்குள் பார்த்தாள். கழுத்தில் கட்டியிருந்த தாயத்தைத் தொட்டுக்கொண்டு, போங்கள் போங்கள் என்று கையைக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தில் மாரி நின்றிருந்தான். தூங்காத கண். செல்வியைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அன்றைக்கே ஆபீசில் கையெழுத்து ஆனது. ஒரு சிவன் கோயிலில் நான் முன்னே நின்று தாலி எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது மாரி நாலாவதாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தான். செல்வி சொல்லிக் கொடுத்த தமிழில் கேட்டான்.

"ஆயா, தாத்தா எங்க?"

"எந்த தாத்தா?"

"உங்க கூட. ரைட் சைட். சட்டை இல்ல. குளிர்ல சட்டை இல்ல." நெற்றியில் மூன்று விரலால் பட்டை இழுத்துக் காட்டினான்.

செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். செத்துப்போன எங்கள் வீட்டுக்காரராக இருக்குமோ என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது என்கூடப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது கிடையாது. அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்தது அண்ணாமலையார்தான். அந்த நாற்காலி முன்னால் ஒரு தட்டு வைத்துவிட்டு, அப்புறம்தான் நாங்கள் கை நனைத்தோம்.

ஆடி மாதம் அவளுக்கு விசா வந்தது. ஏர்போர்ட்டுக்கு ஏழுமலையும் வந்தான். "மாப்ளைய ஒடம்ப பாத்துக்கச் சொல்லுமா" என்று மகளிடம் சொல்லிவிட்டு, தூண் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான். உள்ளே போகும்போது செல்வி என் காதில் கேட்டாள்.

"ஆயா, அவர் என்கூட வந்துட்டா நீ யார்கூட நடப்ப?"

"நீ இட்டுகினு போ. இங்க எனக்கு வழி தெரியும்" என்றேன்.

தைரியமாகச் சொல்லிவிட்டேன். ஊருக்கு வந்து மலை சுற்றும்போது வலப்பக்கம் வெறிச்சென்று இருந்தது. பேச வாய் எழவில்லை. போன வாரம் செல்வி போன் செய்தாள். அங்கேயும் இடது ஓரமாகத்தான் நடக்கிறாளாம். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கேட்டாளாம், தினமும் உன்கூட வருகிற பெரியவர் யார், இந்தக் குளிரில் ஒரு கோட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாதா என்று. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நிம்மதி. கூடவே கொஞ்சம் பொறாமை.

அன்று சாயங்காலம் மலை சுற்றிவிட்டுக் கடைப் பக்கம் வந்தேன். ரோட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. மலை ஓரமாகத் தாசில்தார் படுத்திருந்தது. நான் இந்த ஓரம், அது அந்த ஓரம். எனக்கு அது எழ வேண்டியதே இல்லை. ஆனால் தலையைத் தூக்கியது. என்னைப் பார்க்கவில்லை. என் வலப்பக்கம் பார்த்தது. எழுந்து, வாலை மடக்கிக்கொண்டு, பள்ளத்தில் இறங்கி நின்றது. யாரோ தாண்டிப் போகும் வரைக்கும் காத்திருந்தது. அப்புறம் பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அங்கேயும் இருக்கிறார். இங்கேயும் இருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் வழி அடைத்து நிற்கிற காரியம் ஏதாவது இருக்கும். யாரையும் கூப்பிட முடியாத இடத்தில் அவரைக் கூப்பிடுங்கள். வேடிக்கையாகக் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்கிறார், நான் கண்டேன். வந்தாரா என்று திரும்பிப் பார்க்காதீர்கள். வலப்பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு நடங்கள், போதும்.