எனக்குப் போட்ட கிழவி வேஷம்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் அம்மா செத்துப் பதினாறாம் நாள் முடிகிற வரைக்கும் அதே வீட்டில் தனியாகத்தான் படுத்திருந்தேன், ஒரு நிழல்கூட வந்து "செல்வி" என்று கூப்பிடவில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் கீழ் வீட்டு மேரி, நான் ராத்திரியில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறேன் என்று வாரம் தவறாமல் திட்டுகிறாள். அவளிடம் காரணம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ இருக்கும். எனக்கு முப்பத்திரண்டு வயது. பிரேசர் டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிற வேலை, ஜோகுபாளையத்தில் மாடியில் ஒற்றை அறை. மர்பி டவுனில் குமரேசன் என்று ஒருவர் இருந்தார், வயரிங் வேலை செய்பவர். அவரும் அவருடைய நண்பர்கள் நாலைந்து பேருமாகச் சேர்ந்து ஒவ்வொரு மே மாதமும் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் இளைஞர் நாடக விழா நடத்துவார்கள். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் தமிழிலும் கன்னடத்திலும் நாடகம் போடுவார்கள். லைட்டு கட்டுவது, மைக் பிடிப்பது, சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி வருவது எல்லாம் இவர்களேதான். மேக்கப்புக்கு ஆள் இல்லை என்று என்னைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தானே என்று போனேன், நாலு வருஷம் போனேன்.

இளைஞர் விழா என்றாலே இதுதான் வேடிக்கை. வருகிறவன் எல்லாம் பதினெட்டு, இருபது வயது. ஆனால் நாடகத்தில் அப்பா வேண்டும், சேட்டு வேண்டும், கவுன்சிலர் வேண்டும், பென்ஷன் வாங்கப் போகிற பாட்டி வேண்டும். ஆக, வாரம் முழுக்கப் பெண்களை இளமையாக்குகிற நான், அந்த மூன்று நாளும் பிள்ளைகளைக் கிழவர்களாக்கிக் கொண்டிருப்பேன். தலைக்கு முகப்பவுடர், முகத்துக்குப் பழுப்புப் பென்சில். இஷ்டத்துக்குக் கோடு போட முடியாது. "சிரிடா, இப்போ முறைடா" என்று சொல்ல வேண்டும். தோல் எங்கே மடிகிறதோ அங்கேதான் நாளைக்குச் சுருக்கம் விழும், அந்த மடிப்பிலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். இது இல்லாமல் எவளாலும் இன்னொருத்தர் முகத்துக்கு வயது போட முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷ விழாவின் கடைசி நாள், சாயங்காலம் நாலு மணி. மழை பிடித்துக்கொண்டது. கடைசிக் குழுவும் மேடைக்குப் போய்விட்டது. ஒரு வகுப்பறைதான் மேக்கப் அறை, அதில் நான் மட்டும். பெஞ்சின் மேல் கண்ணாடி சாய்த்து வைத்திருந்தது. அந்தப் பக்கம் ஹாலில் ஜனங்கள் கைதட்டுகிற சத்தம் கேட்கிறது. விழா முடிந்ததும் குமரேசன் எல்லாரையும் மேடைக்கு ஏற்றி ஒவ்வொரு பெயராகச் சொல்வார், அந்த நேரத்தில் நான் எப்போதும் இங்கேதான் யாராவது ஒருத்தன் முகத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டிருப்பேன். அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. என்னை ஒதுக்கினார்கள் என்றும் சொல்ல மாட்டேன், மறந்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அது ரொம்ப வலித்தது. வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை என்பது அந்தக் கைதட்டலைக் கேட்கும்போதுதான் நன்றாக உறைத்தது.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபது வயது இருக்கும், பச்சை துப்பட்டா, தலையில் மழைத்தண்ணீர். ஏதோ குழுவின் பெண் என்றுதான் நினைத்தேன்.

"ஏம்மா, நாடகம் ஆரம்பிச்சிடுச்சே, உனக்கு இன்னா வேஷம்?" என்றேன்.

"எனக்கு இல்லக்கா. எல்லாருக்கும் நீங்க போடுறீங்களே, உங்களுக்கு யாரு போடுறது?"

"எனக்கு எதுக்கு? நான் இன்னா ஸ்டேஜ் ஏறப் போறேனா?"

"சும்மா குந்துங்கக்கா" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

இந்த மாதிரிக் கதைகளில் கை சில்லென்று இருந்தது என்பார்கள். பொய். சூடான கை. மருதாணி வாசனை அடித்தது. ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பழுப்புப் பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்தாள். அம்மா போன பிறகு என் முகத்தை ஒருத்தரும் தொட்டதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாதீங்கக்கா, கலைஞ்சிடும்" என்றாள்.

"முறைக்கணுமா, சிரிக்கணுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். உங்க மூஞ்சி எனக்குத் தெரியும்."

முடித்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். கிழவிதான், ஆனால் தொழில் தெரிந்தவளுக்குக் குறை கண்ணில் படாமல் இருக்குமா? இடது கன்னத்துக் கோடு தாடை வரைக்கும் இறங்கியிருந்தது, வலது கன்னத்தில் பாதியில் நின்றுவிட்டது. புருவத்துக்கு நடுவே ஒற்றைக் கோடு. முகவாயில் ஒரு மரு. வலது புருவத்துக்கு மேலே குறுக்கே சின்னதாய் ஒரு வெட்டுத் தழும்பு.

"ரெண்டு பக்கமும் சமமா வரணும்மா. இது இன்னா, இந்தத் தழும்பு?" என்றேன்.

"அது கடைசில வரும்" என்று சொல்லி, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள்.

அவள் திரும்பவில்லை. குமரேசன்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாம்மா செல்வி, உனக்கு நீயே போட்டுக்கினியா?" என்று கழுத்தில் தொங்கிய கேமராவில் ஒரு படம் எடுத்தார். பச்சை துப்பட்டாப் பெண் என்று சொன்னேன். குழுக்கள் கொடுத்த பெயர்ப் பட்டியலைப் புரட்டினார், பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டார். அப்படி ஒருத்தியை யாரும் பார்க்கவில்லை. அந்த வருஷம் அவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார், நான்தான் அந்த முகத்தோடு போகவில்லை. ஒரு வாரம் கழித்துப் படத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார், சிரித்தோம், பீரோவில் போட்டுவிட்டேன். பொழுது போகாமல் நீயே வரைந்திருப்பாய் என்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். இரண்டு கன்னத்தையும் ஏறுமாறாக வரைய என் கை சம்மதிக்காது.

ஐம்பது தாண்டி இடது பக்கத்துக் கடைவாய்ப் பல் மூன்றைப் பிடுங்கினார்கள். கன்னம் ஒட்டிப்போய், கோடு தாடை வரைக்கும் இறங்கியது. வலது பக்கம் பாதியில் நிற்கிறது. ஒருநாள் தலைவாரும்போது முகவாயில் ஏதோ தட்டுப்பட்டது, மரு. ஓடிப்போய் பீரோவிலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புருவத்து ஒற்றைக் கோடு உட்பட எல்லாம் அப்படியே வந்திருந்தது. அந்தத் தழும்பு மட்டும் இன்னும் வரவில்லை.

எங்கேயாவது விழுந்து அடிபட்டால்தானே அது வரும் என்று முதலில் பயந்தேன். பாத்ரூம் தரையைக் கூட்டிக் கூட்டித் தண்ணீர் இல்லாமல் வைத்திருந்தேன், மேஜை முனைக்கெல்லாம் துணி சுற்றினேன். பிறகு ஒருநாள் படத்தை நன்றாகப் பார்த்தபோது தொழில்புத்தி வேலை செய்தது. புதுக் காயம் என்றால் சிவப்பு வைக்க வேண்டும், பெட்டியில் சிவப்பும் இருந்தது. அவள் பழுப்புப் பென்சிலில்தான் வரைந்திருக்கிறாள். அப்படியென்றால் அது ஆறிய காயம். யாரோ என்னைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போடவைத்திருக்கிறார்கள், ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

யார் என்றுதான் தெரியவில்லை. குமரேசன் ஓசூர் பக்கம் போய்விட்டார். மேரிக்கு மூட்டுவலி, மாடிப்படியில் நாலு படி ஏற மாட்டாள், கீழே நின்றே கத்துவாள்.

"திருடன் வந்தா இன்னா பண்ணுவே செல்வி?"

திருடனுக்கு இங்கே என்ன இருக்கிறது? ஆனால் நான் விழுகிற அன்றைக்கு வரப்போகிறவர்கள், ஆணோ, பெண்ணோ, பச்சை துப்பட்டாவோ, வந்து கதவைத் தள்ளும்போது அது உள்ளே தாழ் போட்டிருந்தால் என்ன செய்வார்கள்? அதனால்தான் போடுவதில்லை. போன மாதம் தொட்டுப் பார்த்தேன், துருப்பிடித்துவிட்டது, இனி நினைத்தாலும் அது நகராது.