பூட்டுக்காரரின் முதலிடம்

என் வீட்டுக்காரர் பூட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டுக் கதவுகளைத் திறந்து கொடுத்துவருகிறார். சாவியைத் தொலைத்தவர்கள், உள்ளே வைத்துப் பூட்டியவர்கள், சண்டையில் ஜன்னல் வழியாக வீசிவிட்டு அப்புறம் தெருவில் குனிந்து தேடியவர்கள் என்று எல்லா ரகத்தையும் பார்த்தவர். பூட்டில் காதை வைத்துக் கேட்டே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். நான் சொல்வது மட்டும் அந்தக் காதில் விழாது.

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அவருடைய கடை. ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வெளியே நின்றுதான் பேச வேண்டும், அவ்வளவு சின்னது. அதோடு ஒரு ஸ்டிக்கர் வைத்திருந்தார். ‘கதவு திறக்கலையா? கூப்பிடுங்க’ என்று எழுதி, கீழே போன் நம்பர். ஸ்கூட்டரில் எப்போதும் ஒரு பசை டப்பா இருக்கும். லிஃப்ட், விளக்குக் கம்பம், எதையும் விட்டு வைத்ததில்லை. ஒரு தடவை நின்றுகொண்டிருந்த குப்பை லாரியிலும் ஒட்டிவிட்டு வந்தார். அதைப் பார்த்தும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் லேப்டாப் வருவதற்கு முன்னால். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு லேப்டாப் வாங்கினார். தெரிந்தவர் ஒருவர் கடைக்கு ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தார். அன்றிலிருந்து இந்த மனிதர் பல் தேய்ப்பதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து ‘பூட்டுக்காரர்’ என்று அடித்துத் தேடுவார். வரும் பட்டியலில் தன் கடையைத் தட்டுவார். அதில் இருக்கும் தன் போட்டோவை ஒரு நிமிஷம் பார்ப்பார். சாப்பிட்டதும் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை. ஆரம்பத்தில் எங்கேயோ கீழே கிடந்தவர், ஒரு மாதத்தில் உச்சிக்கு வந்துவிட்டார்.

“பாத்தியா? உலகத்துல எத்தனை பூட்டுக்காரன் இருக்கான்! முதல்ல யாரு? நான்!”

நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலிடம் வந்த கையோடு ஸ்டிக்கரை நிறுத்தினார். பசை டப்பா காய்ந்து கல்லாகிப் போனது. போன் மணியும் மெல்ல மெல்லக் குறைந்தது. கேட்டால், “ஜனங்க ஜாக்கிரதையாயிட்டாங்க” என்பார். ஊர் ஜனம் மொத்தமும் ஒரே நாளில் திருந்தி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறதாம்! கடைசியில், கடையே வேண்டாம் என்று முடிவெடுத்தார். மாதக் கடைசியில் காலி செய்வது, வீட்டிலிருந்தபடியே தொழில் பார்ப்பது. சாவியைக் கடைச் சொந்தக்காரரிடம் கொடுப்பதற்கு நாளும் குறித்துவிட்டார்.

“நெட்ல முதல் ஆளா நிக்கிறவன் பஸ் ஸ்டாப்ல எதுக்கு உட்காரணும்?” என்றார்.

“பஸ்ஸுக்கு நிக்கிறவங்க தினமும் உங்க மூஞ்சியைப் பாக்குறாங்க. பூட்டு மக்கர் பண்ணும்போது அந்த மூஞ்சிதானே ஞாபகம் வரும்? இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதீங்க” என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்தக் கடையும் போய்விட்டால் இவரைத் தேடி யார் வருவார்கள்?

சாவி கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், எங்கள் வீட்டு வாசல் கதவில் புதுப் பூட்டு ஒன்றைப் பொருத்தினார். வீட்டுக்கு வரும் வாடிக்கையாளர்கள் பார்த்து அசந்துபோக வேண்டுமாம். பொருத்தி முடித்துவிட்டு என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாரு. சாவியே போட வேணாம். இழுத்து விட்டாப் போதும், தானா பூட்டிக்கும். எந்தக் கொம்பனாலயும் திறக்க முடியாது.”

இழுத்து விட்டார். தானாகப் பூட்டிக்கொண்டது.

சாவிக்கொத்து உள்ளே. கருவிப் பை உள்ளே. இரண்டு பேர் போனும் உள்ளே. கடையில் இன்னொரு செட் கருவி உண்டு, ஆனால் கடைச் சாவி அதே கொத்தில். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது ஒன்றுதான் நல்ல செய்தி. என் கொண்டை ஊசியை வாங்கிப் பூட்டுக்குள் விட்டுப் பார்த்தார். பாதி ஊசி உள்ளேயே தங்கிவிட்டது.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு டீச்சர் வெளியே வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார்.

“என்ன தம்பி, உங்க வீட்டுக்கே பூட்டுக்காரர் வேணுமா?”

வேறு ஆளாக இருந்தால் அசடு வழிந்திருப்பார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “டீச்சர், உங்க போன்ல பூட்டுக்காரர்னு தேடுங்க. முதல்ல நான்தான் வருவேன், என்னை விட்டுடுங்க. ரெண்டாவதா வர்றவனைக் கூப்பிடுங்க” என்றார்.

டீச்சர் தேடினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“முதல்ல ‘பூட்டு எப்படி வேலை செய்கிறது, ஐந்தாம் வகுப்புப் பாடம்’னு வருது.”

“அதுக்குக் கீழ?”

“யாரோ ஒரு அம்மா, பூட்டு திறக்கிறவங்களாம். அதுக்குக் கீழ சாவி செய்யற கடை. அதுக்குக் கீழ...” விரலால் தள்ளிக்கொண்டே போனார். நானும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். “இதோ வந்துட்டீங்க தம்பி. பத்தொன்பதாவது.”

“உங்க போன் பழசு டீச்சர். கம்ப்யூட்டர்ல பாருங்க.”

மூன்று பேரும் டீச்சர் வீட்டுக்குள் போனோம். அவர் மகன் எப்போதோ வேறு ஊரில் இருந்தபோது வைத்திருந்த கம்ப்யூட்டர் அது. இன்னமும் அந்த ஊரில்தான் இருப்பதாக அதற்கு நினைப்பு. அந்த ஊர்ப் பூட்டுக்காரர்களை எல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தியது. இவர் பெயரையே காணோம். “பிரவுசரை மாத்திப் பாருங்க” என்றார். மாற்றினார்கள். பதினோராவது இடம்.

“ஒரே கேள்வி, மூணு விடை. என் கிளாஸ்ல எழுதியிருந்தா மூணுக்கும் முட்டைதான்” என்றார் டீச்சர். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் டீச்சர் தன் போனில் வந்த அந்த அம்மாவையே கூப்பிட்டார்.

இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், “அண்ணே, பஸ் ஸ்டாப் கடை நீங்கதானே? உங்களுக்கேவா!” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. ஊசித் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாத பூட்டை நாலு நிமிஷத்தில் திறந்துவிட்டாள்.

இவர் நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே ஓடி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இப்பப் பாரும்மா!” தேடினார். முதல் வரியில் இவர் கடை.

அவள் சிரித்தாள். அதே லேப்டாப்பில், இவர் ஒரு நாளும் தொடாத இன்னொரு பிரவுசரைத் திறந்து அதே வார்த்தையை அடித்தாள். முதல் பக்கத்தில் இவர் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. வாசல் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நானும் ஒரு வருஷம் இப்படித்தான் ஏமாந்தேன் அண்ணே. எந்த ஊர்ல நிக்கிறோம், யார் பேர்ல உள்ள போயிருக்கோம், முன்னாடி எதையெல்லாம் தட்டியிருக்கோம்னு பாத்து, அது ஆளுக்கு ஒரு வரிசை போடுது. நீங்க தினமும் உங்களையே தட்டுறீங்க. சரி, இவருக்கு இதுதான் பிடிக்கும்போலன்னு அதையே முதல்ல எடுத்து நீட்டுது. உங்க பெட்டி உங்களுக்குத்தான் நீட்டும். ஊருக்கு நீட்டாது. நான் இப்பல்லாம் என் போன்ல பாக்குறதே இல்ல. பஸ்ல பக்கத்துல உட்கார்றவங்ககிட்ட, கொஞ்சம் தேடிப் பாருங்கன்னு கேட்பேன்.”

“ரெண்டு வருஷம்” என்றார் இவர். “ரெண்டு வருஷமா நான் ஒருத்தன் மட்டும் என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேனா?”

எனக்குத் தாங்கவில்லை, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே மேஜை மேல் கிடந்த என் போனைப் பார்த்துவிட்டார். கடைசி நம்பிக்கை போலிருக்கிறது, பாய்ந்து எடுத்துத் தேடினார்.

“இந்தா! இதுல நான் முதல்ல வர்றேன்! இது என் போன் இல்ல, இவ போன்! இதுக்கு என்ன சொல்றே?”

அவள் போனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, நீங்களும் தினமும் தட்டுவீங்களா?”

மாட்டிக்கொண்டேன். நான் லாண்டரி கவுன்டரில் வேலை பார்க்கிறேன். தட்டத் தட்ட மேலே வரும் என்று அங்கே யாரோ சொன்னார்கள். இவர் போன் அடிக்காமல் கிடக்கும்போது வீட்டில் அவர் நடிக்கிற உற்சாகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை தட்டிவந்தேன். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. வாயால் திட்டிக்கொண்டே விரலால் தட்டியிருக்கிறேன்.

“ஆமாம். இப்ப அதுக்கு என்ன?” என்று எரிந்து விழுந்தேன். வேறெப்படிச் சொல்வது?

அவர் எழுந்து போய், கடைச் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, காலி செய்யவில்லை என்று சொன்னார். பிறகு பசை டப்பாவைத் தேடி எடுத்து, வெந்நீர் ஊற்றிக் கரண்டிக் காம்பால் குத்த ஆரம்பித்தார். அந்தப் பெண் கிளம்பும்போது தலையைத் தூக்கினார்.

“எப்படியோ, உலகத்துல ரெண்டு இடத்துலயாவது நான் முதல்ல வர்றேன்மா.”

“சொந்தப் பெட்டியைச் சேத்துக்கக் கூடாது அண்ணே” என்று சொல்லிக்கொண்டே அவள் படி இறங்கினாள். “ஒரு இடம்தான்.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். “ஒண்ணு போதும்” என்று சொல்லிவிட்டுப் பசையைக் கிளறினார்.