கவிழ்த்து வைத்த உப்புக் குவளை

எங்கள் கடை ரொட்டிக்கு நாங்கள் ஈஸ்ட் வாங்கியதில்லை. உருளைக்கிழங்கை வேகவைத்துப் புளிக்கவிட்ட தண்ணீர்தான். கோடைக்கானல் குளிரில் மாவு எழும்பச் சோம்பல்படும் என்பதால் மாவுத்தொட்டிக்குக் கம்பளி போர்த்துவோம். உப்பை முதலிலேயே போட்டால் புளிப்பு அடங்கிவிடும். மாவு ஒரு தடவை பொங்கிய பிறகுதான் உப்பைக் கரைத்து ஊற்றிப் பிசைய வேண்டும். நடுவில் காத்திருக்கிற அந்த நேரம்தான் எனக்கு எமன்.

என் நோய்க்கு இன்று பைபோலார் என்று பேர் சொல்கிறார்கள். அறுபதுகளில் மதுரை டாக்டர் இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். ஊர்க்காரர்கள் தமிழில் சுருக்கமாகச் சொன்னார்கள். மனசு ஏறும் காலத்தில் புத்தி ஒரு வேலையில் நிற்காது. மாவைத் தொட்டதும் பேரிக்காய் வைத்து ரொட்டி சுடலாம் என்று தோன்றும், அதற்குள் செண்பகனூரில் இன்னொரு கடை திறந்திருப்பேன், மனசுக்குள்தான். இறங்கும் காலத்தில் கை மாவுக்குள் அப்படியே நிற்கும், எதற்கு நிற்கிறது என்று தெரியாது. இரண்டிலும் உப்பு மறந்துபோகும், இல்லாவிட்டால் இரண்டு முறை விழும்.

ஒரு சீசனில் உப்பே இல்லாத ரொட்டி பங்களாக்களுக்குப் போய்விட்டது. சமையல்காரர்கள் கூடையோடு திரும்பி வந்து வாசலில் நின்று கத்தினார்கள். செய்தி பெரியகுளம் வரை இறங்கி, என் மனைவியின் அண்ணன் அடுக்கம் மலைப்பாதை வழியாக ஏறி வந்துவிட்டார். ஏற்கனவே என்னை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான்.

"இன்னொரு தரம் இப்பிடி ஆச்சுன்னா கடையப் பூட்டிட்டு மறுபடி மதுரைதான், மாப்ளே" என்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். அங்கே தலையில் கரண்ட் வைத்தது அவருக்கில்லையே, எனக்குத்தானே.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். உப்புக் கரைக்கிற தகரக் குவளையை, உப்புப் போட்டதும் கவிழ்த்து வைப்பது. நிமிர்ந்திருந்தால் போடவில்லை என்று அர்த்தம். ருசி பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. மதுரை மாத்திரையில் நாக்கு மரத்துக் கிடந்தது, உப்பும் சர்க்கரையும் அதற்கு ஒன்றுதான். யாரையும் கேட்கவும் எனக்குப் பிடிக்காது. யாரும் என்னைக் கேட்கவும் கூடாது. மனைவி ஒருமுறை "உப்புப் போட்டாச்சாங்க?" என்று கேட்டதற்கு அந்தக் குவளையைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அது ஒரு பக்கம் நசுங்கிப்போனது.

கொஞ்ச நாளில் குவளை என்னை ஏமாற்ற ஆரம்பித்தது. விறகு பிளந்துவிட்டு உள்ளே வந்தால் கவிழ்ந்திருக்கும். உப்புப் போட்டதாக ஞாபகமே இருக்காது. யாரோ கை வைக்கிறார்கள். யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அவளும் அப்போது ஒரு மாதிரி நடந்துகொண்டாள். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். "வயிறு கல்லாக் கெடக்கு" என்பாள். அண்ணன் வீட்டுக்குப் போக நாடகம் என்று நான் முடிவு கட்டினேன். குவளையை மாற்றி வைத்து ரொட்டியைக் கெடுப்பாள், அண்ணன் வருவார், நான் மதுரைக்கு பஸ் ஏறுவேன். எல்லாம் பொருந்தித்தான் வந்தது. அந்த மாதங்களில் ரொட்டி ஒன்றுகூடக் கெடவில்லை என்பதுதான் இடித்தது. சமயம் பார்க்கிறாள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஒருநாள் வெள்ளனே, வேண்டுமென்றே உப்புப் போடாமல் குவளையை நிமிர்த்தி வைத்தேன். "வெறகு பொளக்கப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பின்கதவுக்கு வெளியே ஒளிந்து நின்றேன்.

அவள் வந்தாள். கம்பளியின் ஓரத்தைத் தூக்கி, மாவில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு மென்றாள். முழுங்கினாள். பிறகு உப்பைக் கரைத்து ஊற்றி, நன்றாக அடித்துப் பிசைந்து, குவளையைக் கவிழ்த்து வைத்தாள். கம்பளியை நான் போர்த்துகிற மாதிரியே போர்த்தினாள்.

உள்ளே பாய்ந்தேன். "ஒனக்கு இங்க என்னடி சோலி? ஒங்கண்ணன் சொல்லிக் குடுத்த வேலையா?"

பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு என்னைவிடக் கோபம். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க எப்பவோ மதுரையில இருந்திருப்பீங்க. அவரு வந்துட்டுப் போன நாள்லருந்து தெனமும் தின்னு பாக்கேன். கேட்டா குவளையத் தூக்கி எறியிறீங்க, வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"பச்ச மாவ ஏன் முழுங்குற? துப்ப வேண்டியதுதான?"

"எங்க துப்ப? துப்புனா அதையும் பாத்துட்டு ஆயிரம் கேள்வி கேப்பீங்க. தரையெல்லாம் மோந்து பாக்குற ஆளு நீங்க."

புளித்த மாவு வயிற்றுக்குள் போயும் பொங்கத்தான் செய்யும். ரொட்டிக்காரனுக்கு இது தெரியாதா? அந்த வலியைத்தான் நான் நாடகம் என்றிருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் மாவுத்தொட்டியின் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்தேன். விறகுக்குப் போகுமுன் நானே அவளைக் கூப்பிட்டேன். "உப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லு. பாத்துட்டு இதுல துப்பிரு." அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள்.

சந்தேகம் என்னை விட்டு எங்கே போகும்? விறகு பிளந்துவிட்டு வந்ததும் முதல் வேலையாக டப்பாவை எட்டிப் பார்த்தேன், துப்பினாளா, இல்லை பழையபடி முழுங்கிவிட்டாளா என்று.