முகத்துவாரத்து முட்டைகள்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் கணவரும் கேளம்பாக்கத்திலிருந்து கிளம்பி, பாலாறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள மணல் திட்டுக்குப் போனோம். படகில் கொண்டுபோய் விட்ட மீனவர், "தண்ணி ஓரமாவே குந்துங்க மேடம், மேட்டுக்குப் போவாதீங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவர் போனதும் மேட்டில்தான் பாய் விரித்தோம். அங்கிருந்து கடல் நன்றாகத் தெரிந்தது. ஆலாப் பறவைகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே பாய்ந்து பாய்ந்து வந்தன. எங்கள் இட்லிக்குத்தான் இந்தக் கூச்சல் என்று சிரித்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட மேட்டுக்கு ஏறி வந்த மீனவர் கத்தினார்: "மேடம், நவுராத! காலாண்ட பாரு, முட்டை கீது!"

குனிந்து பார்த்தேன். செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, மணல் நிறத்தில் மூன்று முட்டைகள். மணல் கொதித்தது.

"இன்னா மேடம், இம்மாம் நேரம் தாய இறங்க வுடாம குந்திகினு கீறீங்க. வெயில்ல வெந்து பூடும்."

வந்த கால்தடத்திலேயே மிதித்துத் திரும்பினோம். படகு விலகியதும் ஒரு பறவை இறங்கி முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

பத்து நாள் கழித்து அவருக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு பொரிச்சிடுச்சி. ஒண்ணு அப்டியேதான் கீது."

"எங்களாலயா?"

"அத்த எப்டி மேடம் சொல்றது? சிலது தானாவே கூமுட்டையா பூடும்."

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அப்படிச் சொன்னாரோ என்னவோ, இனி தெரியப்போவதில்லை. ஆனால் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் நான் சட்டென்று நம்புவதில்லை.