சவரியின் எஞ்சின் புகையவில்லை

செய்தி வந்தபோது நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். டயர் கடை குமார் குனிந்து சொன்னான்: "மாமு, டோல்கேட்டு சவரி போய்ட்டாரு. காலைல நாஸ்தா துன்ட்டு நாற்காலில குந்திகினு இருந்தாராம். அப்டியே சாஞ்சிட்டாரு." நான் உடனே எழுந்து வரவில்லை. படுத்தபடியே எனக்கு முதலில் தோன்றியது, அவருடைய வால்வு வெட்டும் மெஷின் இனி யார் கைக்குப் போகும் என்பதுதான். அதை யோசித்து முடித்த பிறகுதான் மனிதர் நினைவுக்கு வந்தார்.

இப்படிப்பட்டவன் ஏன் நினைவஞ்சலி எழுத வருகிறான் என்று கேட்பீர்கள். நம் மெக்கானிக் சங்க மலருக்கு எழுதித் தரச் சொன்னபோது நானும் அதைத்தான் கேட்டேன். வேறு யாரும் முன்வரவில்லை என்றார்கள். ஏன் முன்வரவில்லை என்று எனக்குத் தெரியும். மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சவரிமுத்து ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். டோல்கேட்டில் சவரி வைத்திருந்தது வெளிப்பார்வைக்கு ஒரு லாரி பிரேக் ஷெட். தகரத் தடுப்புக்குப் பின்னால் போனால்தான் அவர் மனதுக்குப் பிடித்த வேலை நடக்கும். கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்று நினைக்கிறவர்களின் கார்களை வாங்கி, எஞ்சினைப் பிரித்து, காற்று போகும் வழியையெல்லாம் கையால் இழைத்து, வேறு கேம்ஷாஃப்ட் போட்டு, வண்டியைப் பறக்க வைப்பார். அதே தொழிலை நான் திருவொற்றியூரில் செய்தேன். ஆக, அவர் எனக்குப் போட்டிக்காரர். நண்பர் என்று இப்போது எழுதிக்கொள்ள ஆசைதான். எழுதக் கை கூசுகிறது.

முதல்முதலாக அவரைப் பார்த்தது எண்ணூர் விரைவுச்சாலையில். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்னால், விடியற்காலையில் நாம் எல்லோரும் அங்கேதான் வண்டியைச் சோதித்துப் பார்ப்போம். நான் புதிதாகக் கட்டிய வண்டியை ஊரே அதிரும்படி ஓட்டிக்கொண்டு போய் டீக்கடையில் நிறுத்தினேன். சலவைச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக நின்றிருந்த ஒருவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "இன்னா மாமு, சவுண்டு வந்து அஞ்சு நிமிசம் ஆச்சே, வண்டி இப்பத்தான் வருதா?" கடையே சிரித்தது. ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை. அப்புறம் ஒரு வால்வு வேலைக்கு ஆள் கிடைக்காமல் அவர் ஷெட்டிலேயே போய் நின்றேன். அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை முடித்துக் கொடுத்தார். கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சவரியிடம் ஒரு குறை உண்டு. வாயைத் திறந்தால் பொய். பெரிய நடிகர் ஒருவர் காரை இவரிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் போனாராம். ஜப்பானிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து, வால்வு உட்காரும் இடத்தை இவர் வெட்டியிருந்ததைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினாராம். "அந்த ஜப்பான்காரர் பேர் என்ன சவரி?" என்று நான் ஒருமுறை மடக்கினேன். கொஞ்சமும் அசராமல், "பேரு வாய்ல நொயில மாமு, அதான் சொல்லல" என்றார். அவர் கதை சொல்ல ஆரம்பித்தாலே நாம் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வோம். ஒன்றைக்கூட நம்பமாட்டோம். அவரும் நம்பச் சொல்லி வற்புறுத்தியதில்லை.

அவருடைய இன்னொரு வழக்கம், பானெட்டை அவர் மூடமாட்டார். வேலை முடிந்ததும் வண்டிக்காரரைக் கூப்பிட்டு எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் நிற்கவைத்துக் கேட்கச் சொல்வார். "கேட்டுக்கினியா? நல்லாக் கேளு. நாளைக்கு இது வேற மாரி பேசுனா எங்கிட்ட ஓடியா. இப்ப நீயே மூடு" என்பார். பெரிய இடத்துப் பையன்கள் கையில் கறை படுமே என்று தயங்குவார்கள். மூடும்வரை சாவி கைக்கு வராது.

இனி அந்தப் பந்தயம்.

தொண்ணூறுகளின் கடைசி. சவரி முதல்முறையாகத் தன் பெயரில், தன் செலவில் ஒரு பந்தய வண்டி கட்டியிருந்தார். ஓட்டப்போவதும் அவரே. லாரி பிரேக் போடுகிறவருக்கு ரேஸ் எஞ்சின் கட்ட வருமா என்று பார்க்கவே வடசென்னையிலிருந்து ஒரு கூட்டம் வேன் பிடித்துப் பந்தயத் திடலுக்கு வந்தது. காலையில் வண்டியை ஓடவிட்டு, புகைபோக்கியின் முனையில் ஒரு வெள்ளைக் கர்சீப்பைப் பிடித்தார். எஞ்சினுக்குள் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் எரிந்து நீலமாகப் புகை வரும், துணியில் எண்ணெய் படியும். நம் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். சவரி கர்சீப்பை விரித்து ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டினார். எண்ணெய்க் கறை ஒரு பொட்டு இல்லை. "பாத்துக்க. ஸோக்கா கீதா?" என்றார். என் வயிறு எரிந்தது. அந்த எஞ்சின் ஓடிய சீரைக் கேட்டபோதே, அன்றைக்கு நான் ஜெயிக்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் கட்டிய வண்டியும் அதே மாடல்தான். அதன் சொந்தக்காரர் ஒரு கப்பல் ஏஜென்ட்டின் மகன். ஓட்டுவதும் அவர். என் ஷெட் இருந்த இடமும் அவர்கள் குடும்பத்துடையது. பயிற்சி ஓட்டத்தில் மூன்றாம் கியரின் பல் உடைந்துவிட்டது. மாற்று கியர்பாக்ஸ் என்னிடம் இல்லை. ஏஜென்ட் மகன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சொன்னார்: "கஜா, வண்டி இன்னைக்கு ஓடணும். ஓடலேன்னா திங்கக்கிழமை ஷெட் சாவியக் கொண்டாந்து அப்பாகிட்ட குடுத்துடு." நான் கெஞ்சினேன். எல்லோர் முன்னாலும் கெஞ்சினேன்.

சற்று நேரத்தில் சவரி வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "நம்ம வண்டி பேஜாரு ஆயிட்சி மாமு. ரிங் போச்சு. இன்னிக்கு நான் ஓட்ல. என் கியர்பாக்ஸு சும்மாதான தூங்கிகினு கீது, கயட்டிக்கோ" என்றார்.

ரிங் போய்விட்டதாம். கர்சீப்பைப் பார்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்பானரைத் தேடுவதுபோல் கீழே பார்த்தார். "அடடா, ரிங்கா? அநியாயமாப் போச்சே சவரி" என்றேன். இதைத்தான் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ முறை திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். 

நீங்களும் சுற்றி நின்றீர்கள். கர்சீப்பைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். "ரிங் போனா இப்டித்தான்" என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் தலையாட்டினார். கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற எல்லோரும் கை கொடுத்தோம். வாழ்நாள் முழுக்க அவர் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளச் சொன்ன பொய் எதையும் நம்பாத நாம், தன்னைச் சின்னதாக்கிக்கொள்ள அவர் சொன்ன ஒரே பொய்யை மட்டும் உடனே நம்பிவிட்டோம்.

நான் ஜெயித்தேன். வண்டி கட்டியவருக்கு என்று தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்கள். கை தட்டியவர்களில் சவரிதான் சத்தமாகத் தட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். டோல்கேட்டுக்காரர் கட்டிய எஞ்சின் பந்தயம் தொடங்கும் கோட்டுக்கே வரவில்லை என்று பேச்சு பரவியது. பரப்பியது யார் என்று கேட்டால் யாரும் இல்லை. மறுத்தது யார் என்று கேட்டாலும் யாரும் இல்லை. புதிய வாடிக்கையாளர்கள் என்னிடம் வந்து, "சவரி எப்படி?" என்று விசாரிப்பார்கள். "நல்ல மனுஷன்" என்பேன். வேலையைப் பற்றிக் கேட்கும்போது ஆளைப் பற்றிச் சொன்னால் என்ன பொருள் என்று கேட்பவருக்குப் புரியும். வண்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போவார்கள். சில வருடங்களில் தகரத் தடுப்புக்குப் பின்னால் கார் எதுவும் இல்லை. முழுக்க லாரி பிரேக்தான். ஆனால் நுணுக்கமான வால்வு வேலை வந்தால் மட்டும் நாம் எல்லோரும் சத்தமில்லாமல் அவரிடம் அனுப்பி, வாங்கி, அவரவர் ஷெட் ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தோம். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. ஜப்பான்காரர் கதையை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடக்கத்துக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா நம்மிடம் வந்து, வந்ததற்கு நன்றி சொன்னாள். துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா உங்க எல்லாரப் பத்தியும் பெருமையாத்தான் பேசுவாரு அங்கிள். அவருக்குத்தான் ரேஸ் எஞ்சின் சரியா வரல. அன்னிக்கு ஓட்டியிருந்தாலும் உங்ககிட்ட தோத்துத்தான் போயிருப்பேன்னு அவரே சொல்லுவாரு."

அப்போது நாம் ஏழெட்டுப் பேர் அங்கே நின்றோம். ஒருவராவது வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். நீங்கள் நான் திறப்பேன் என்று காத்திருந்திருப்பீர்கள். குமார் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். அவள் போய்விட்டாள். வீட்டிலும் அவர் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சில நாள் கழித்து அந்தக் கோப்பையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ராயபுரம் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கர்சீப், கியர்பாக்ஸ், நான் சொன்ன வாக்கியம், அப்புறம் 'நல்ல மனுஷன்' என்று சொல்லிச் சொல்லியே அவர் தொழிலை நான் தின்றது, எதையும் விடவில்லை.

அவள் கேட்டாள்: "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"உங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

 அவள் சுவரில் மாட்டியிருந்த அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா சாவுற வரைக்கும் அவர திட்டிகினே இருந்தாங்க அங்கிள். வளையல வித்துக் கட்டுன எஞ்சினு, கோட்டுல கூடப் போய் நிக்கலன்னு. அப்பா ஒரு வார்த்த திருப்பிச் சொல்ல மாட்டாரு. தட்ட எடுத்துகினு வெளிய போய் குந்திகினு துன்னுவாரு. நானும் அம்மா பக்கந்தான் பேசுவேன்."

நான் பையிலிருந்து கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இது உங்கப்பாவோடதும்மா. இங்கதான் இருக்கணும்" என்றேன். சொல்லும்போது, அதை வைத்துவிட்டு வெளியே வந்தால் மூச்சு விடலாம் என்று நினைத்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அவள் கோப்பையைத் தொடவில்லை. "இத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? அம்மா எந்திரிச்சி வந்து பாக்கப் போறாங்களா? அப்பா உங்களுக்குக் குடுத்தது அங்கிள். குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எங்க வூட்ல கெடையாது. எடுத்துகினு போங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

எடுத்துக்கொண்டு வந்தேன். ஆக, சவரியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கோப்பைதான். திருப்பிக் கொடுக்க வழியில்லாததால் பழைய இடத்திலேயே, ஷெட்டில் என் மேஜைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போன வாரம் புதிதாக ஒருவர் நல்ல விலையுள்ள வண்டியோடு வந்தார். எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, கோப்பையைப் பார்த்து, "நீங்க ஜெயிச்சதா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். என் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்று, சவரி என்று ஒருவர் இருந்தார் என்பதில் ஆரம்பித்துக் கடைசிவரை சொன்னேன். வந்தவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.